கோபுரம் பெயர்ந்தால் யாருக்குக் கேட்கும்?

வானொலி நிலையம் என்றதும் அறிவிப்பாளர் அமர்ந்து பேசும் கூடமே பெரும்பாலோர் நினைவுக்கு வந்தாலும், நேயரின் பெட்டியில் நிகழ்ச்சி தெளிவாகக் கேட்பதையும் கரகரப்பதையும் அறவே கேளாமற்போவதையும் தீர்மானிப்பது, அந்தக் கூடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, ஊர்ப்புறத்து வெட்டவெளியிலோ குன்றின் உச்சியிலோ நிற்கும் ஒலிபரப்பியே ஆகும். கூடத்திலிருந்து வந்துசேரும் ஒலிக்குறிப்பை உயர் அதிர்வெண் கொண்ட மின்னோட்டத்தின் மீது ஏற்றி, ஆன்டெனா எனப்படும் கம்பத்தின் வழியே மின்காந்த அலையாக வெளிவிடும் கருவித்தொகுதிக்கே ஒலிபரப்பி என்று பெயர். கூடத்தை நகரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றினால் நேயர் அதை உணரவே மாட்டார். ஒலிபரப்பியைச் சில கிலோமீட்டர் நகர்த்தினாலோ, நேற்றுவரை தெளிவாகக் கேட்ட ஊர்களில் சில இன்று மங்கலாகவும், நேற்றுவரை கேளாத ஊர்களில் சில இன்று தெளிவாகவும் கேட்கத் தொடங்கும்.

இத்தகைய இடமாற்றத்தை நிலையங்கள் வளர்ச்சியாகவே அறிவிக்கின்றன. பெரும்பாலும் அது வளர்ச்சியாகவும் அமைகிறது. எனினும், அதன் பயன் தொலைவில் இருக்கும் பலருக்குச் சிறுகச் சிறுகப் பகிரப்படும்போது, அதன் இழப்பு பழைய கோபுரத்தின் அடியிலேயே வாழ்ந்த ஒரு கூட்டத்தின் மீது ஒருசேர விழுகிறது என்பதையும், அந்த இழப்பை ஈடுசெய்யும் செலவு பல வேளைகளில் நிலையத்திடமிருந்து நேயரின் கைக்கு மாறிவிடுகிறது என்பதையும் வானொலியின் நூறாண்டு வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

தொலைவும் திறனும்

ஓரிடத்தில் வந்துசேரும் வானொலி அலை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு புலவலிமை எனப்படும். தடையேதும் இல்லாத வெளியில் இந்த அளவு தொலைவுக்கு நேர்மாறாகக் குறைகிறது. அதாவது, ஒலிபரப்பியிலிருந்து 10 கிலோமீட்டரில் இருப்பதைக் காட்டிலும் 20 கிலோமீட்டரில் அது பாதியாகவும், 40 கிலோமீட்டரில் காற்பங்காகவும் இருக்கும். மறுபுறம், ஒலிபரப்பியின் திறனைக் கூட்டினால் புலவலிமை அதே விகிதத்தில் கூடுவதில்லை. திறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. ஆகவே திறனை 4 மடங்காக்கினால் புலவலிமை 2 மடங்காகவும், 16 மடங்காக்கினால் 4 மடங்காகவும் மட்டுமே உயரும். தொலைவு தரும் இழப்பு விரைவானது, திறன் தரும் ஈடு மெதுவானது என்ற இந்த ஏற்றத்தாழ்வே இடமாற்றத்தின் விளைவுகள் பலவற்றுக்கும் மூலகாரணமாகும்.

புலவலிமை மட்டும் போதுமானதன்று; அது அவ்விடத்து இரைச்சலை விட எவ்வளவு மேலோங்கி நிற்கிறது என்பதே கேட்கும் தரத்தை முடிவுசெய்கிறது. மின்மோட்டார்கள், எல்இடி விளக்குகள், கைபேசி மின்னேற்றிகள் முதலியவை வெளியிடும் வேண்டாத மின்காந்த அலைகள் நெருக்கமான நகரங்களில் மிகுதி என்பதால், வயல்வெளி நடுவே உள்ள வீட்டில் தெளிவாகக் கேட்கக்கூடிய ஒரு புலவலிமை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் கரகரப்பில் மூழ்கிவிடும். ஒலிபரப்பியை நகரின் நடுவிலிருந்து புறநகருக்கு அப்பால் கொண்டுசெல்லும்போது, வலுவான அலை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமிருந்தே அது விலகிச் செல்கிறது என்பது இதன் பொருள்.

லண்டன் கண்ட இடமாற்றங்கள்

இந்த நியதிகள் முதன்முதலில் பெருந்திரளான மக்களின் அன்றாட வாழ்வில் வெளிப்பட்ட இடம் 1920களின் இங்கிலாந்து எனலாம். 1922ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ஸ்ட்ராண்டு தெருவில் இருந்த மார்க்கோனி இல்லத்திலிருந்து 2எல்ஓ என்ற அழைப்புக்குறியுடன் ஒலிபரப்பு தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அதே நிலையம் பிபிசியின் அன்றாட ஒலிபரப்பை நடத்தியது. 1925இல் அதன் ஒலிபரப்பி ஆக்ஸ்போர்டு தெருவில் உள்ள செல்ஃப்ரிட்ஜஸ் பேரங்காடியின் மேற்கூரைக்கு மாற்றப்பட்டது. நகரின் நடுவிலேயே நிகழ்ந்த குறுகிய நகர்வு அது என்பதால் பெரும்பாலான லண்டன்வாசிகளின் வானொலி வாழ்க்கை அதனால் குலையவில்லை.

அக்கால நேயர்களில் மிகப் பலர் வைத்திருந்தது கிறிஸ்டல் செட் எனப்பட்ட படிக வானொலி. மின்கலமோ வால்வோ இல்லாத அந்தக் கருவி, ஏரியல் கம்பியில் வந்து விழும் அலையின் ஆற்றலையே எடுத்துக் காதொலிப்பானை இயக்கியது. அலையைப் பெருக்கிக்கொள்ளும் வழி அதற்குக் கிடையாது. விலை குறைவு, பராமரிப்புச் செலவே இல்லை என்பவை அதன் சிறப்புகள்; நிலையத்துக்கு அருகில் இருந்தால் மட்டுமே நன்றாகக் கேட்கும் என்பது அதன் எல்லை. வசதி படைத்தோர் வாங்கிய வால்வு வானொலி, வலுவற்ற அலையையும் பெருக்கித் தந்தது. ஆனால் அதற்கு மின்கலமும் அடிக்கடி மின்னேற்ற வேண்டிய சேமக்கலமும் தேவைப்பட்டன. ஆகவே அந்நாளில் ஒலிபரப்பியை நகர்த்துவது என்பது, எந்தத் தெருவில் ஏழையின் கருவி வாய்மூடும் என்பதைத் தீர்மானிப்பதும் ஆயிற்று.

இதே காலத்தில், நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரே ஒலிபரப்பியால் நிகழ்ச்சி வழங்கும் முயற்சியும் தொடங்கியிருந்தது. 1924இல் செம்ஸ்ஃபோர்டு நகரில் 5எக்ஸ்எக்ஸ் என்ற நிலையம் 1600 மீட்டர் அலைநீளத்தில், அதாவது நெட்டலை வரிசையில், சோதனை ஒலிபரப்பை நடத்தியது. செம்ஸ்ஃபோர்டு இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் இருப்பதால், அதன் வீச்சுவட்டத்தின் பெரும்பங்கு ஆளில்லாத வடகடலின் மீது விழுந்தது. 1925 ஜூலை 27 அன்று அந்நிலையம் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள டேவன்ட்ரி நகரை ஒட்டிய பரோ ஹில் குன்றுக்கு மாற்றப்பட்டபோது, அந்த வட்டம் பெரும்பாலும் நிலத்தின் மீதே விரிந்தது. நடு இங்கிலாந்தும் மேற்குப் பகுதிகளும் பெற்ற ஆதாயம் அது. லண்டனுக்கும் அந்த நெட்டலை ஒலிபரப்பிக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்த தொலைவோ ஏறத்தாழ 110 கிலோமீட்டராக நீண்டது. லண்டன்வாசிகளுக்குத் தங்கள் நகரத்து 2எல்ஓ கைவசம் இருந்ததால் அந்த நீட்சி அவர்களைப் பெரிதாகத் தாக்கவில்லை.

பர்மிங்காம் நகரின் நிலை வேறு. 1927 ஆகஸ்டில் டேவன்ட்ரியில் 5ஜிபி என்ற மத்திய அலை ஒலிபரப்பி தொடங்கப்பட்டபோது, பர்மிங்காம் நகருக்குள்ளேயே இயங்கிய 5ஐடி நிலையம் மூடப்பட்டது. முன்பு ஓரிரு கிலோமீட்டரில் இருந்த அலைமூலம் இப்போது 55 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. வால்வு வானொலி வைத்திருந்தோருக்குப் புதிய நிலையம் குறையேதுமின்றிக் கிடைத்திருக்கும். நல்ல உயரமான ஏரியல் கட்ட வசதியில்லாத படிக வானொலிக்காரர்களுக்கு, தங்கள் கருவியின் எல்லைக்கே தள்ளப்பட்ட ஒலிபரப்பாக அது ஆகிவிட்டது.

இச்சோதனைகளின் பயனாக, பிபிசியின் தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி வகுத்த வட்டாரத் திட்டம் உருவாயிற்று. நகரங்களுக்குள் இருந்த சிறு ஒலிபரப்பிகளைக் கைவிட்டு, நகரங்களுக்கு வெளியே மிகுதிறன் கொண்ட இரட்டை ஒலிபரப்பிகளை நிறுவி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு நிகழ்ச்சிகளை வழங்குவதே அதன் நோக்கம். அதன் முதல் நிலையம் லண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள புரூக்மன்ஸ் பார்க்கில் எழுந்தது. 1929 அக்டோபர் 21 அன்று அங்கிருந்து 356 மீட்டர் அலைநீளத்தில் முதல் ஒலிபரப்பும், 1930 மார்ச் 9 அன்று 261 மீட்டரில் இரண்டாவதும் தொடங்கின. செல்ஃப்ரிட்ஜஸ் கூரையிலிருந்த பழைய நிலையம் ஓய்வுபெற்றது.

இங்கு யார் பெற்றார், யார் இழந்தார் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கணக்கின் வசதிக்காக, புதிய ஒலிபரப்பியின் திறன் பழையதைப் போல் 16 மடங்கு என்றும், இரண்டுக்கும் இடைத்தொலைவு 25 கிலோமீட்டர் என்றும், அலை செல்லும் வழியில் வேறு இழப்பு இல்லை என்றும் கொள்வோம். புலவலிமை 4 மடங்காகும். எனவே ஒரு வீடு பழைய கோபுரத்துக்கு இருக்கும் தொலைவைப் போல் 4 மடங்குக்கு மேல் புதிய கோபுரத்திலிருந்து தள்ளியிருந்தால் அவ்வீட்டுக்கு இழப்பு, இல்லாவிடில் ஆதாயம். இந்த எல்லையை வரைந்தால், பழைய கோபுரத்திலிருந்து புதியதை நோக்கிய பக்கத்தில் 5 கிலோமீட்டரிலும், எதிர்ப்பக்கத்தில் ஏறத்தாழ 8 கிலோமீட்டரிலும் முடியும் ஒரு வட்டம் கிடைக்கிறது. அவ்வட்டத்துக்கு வெளியே உள்ள நாடு முழுவதும் ஆதாயம் பெறுகிறது. வட்டத்துக்குள் இருப்போர் மட்டும் இழக்கிறார்கள். வரைபடத்தில் அவ்வட்டம் ஒரு பொட்டாகவே தெரியும். ஆனால் பழைய கோபுரம் நகரின் நடுவில் நின்றிருந்தால், மக்கள் மிக நெருங்கி வாழும் பகுதியும் இரைச்சல் மிகுந்த பகுதியும் அந்தப் பொட்டுக்குள்தான் அடங்கியிருக்கும். பரப்பளவைக் கொண்டு பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இழப்பு, தலைக்கணக்கில் பார்த்தால் பெரிதாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புதிய இடம் மற்றொரு தொல்லையையும் கொண்டுவந்தது. ஒரே வளாகத்திலிருந்து இரண்டு அலைநீளங்களில் வலுவான ஒலிபரப்பு வெளிவந்தபோது, அதன் அருகில் வசித்தவர்களின் எளிய பெட்டிகளால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. வேண்டாத அலையை வடித்து நிறுத்துவதற்கெனக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சிறிய இணைப்பொன்றை நேயர்கள் தங்கள் ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையே பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தொலைவில் இருப்பவர் வால்வுக்குச் செலவிட்டார், அருகில் இருப்பவர் வடிப்பானுக்குச் செலவிட்டார். இடமாற்றத்தின் செலவு நேயரிடம் கைமாறுவது என்பது இதுவே.

தரையும் கடலும் இரவும்

மேற்கண்ட கணக்கு தடையற்ற வெளிக்கு உரியது. நெட்டலையும் மத்திய அலையும் பகலில் பெரும்பாலும் தரையை ஒட்டியே பரவுகின்றன. இவ்வாறு பரவுவது தரை அலை எனப்படுகிறது. தரை அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொள்வதால், மண்ணின் மின்கடத்துதிறன் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு தொலைவுக்கு அலை செல்லும். ஈரமான வண்டல் நிலம் அலையை நன்கு கடத்துகிறது. வறண்ட மணலும் பாறையும் விரைவில் மடியச் செய்கின்றன. உப்பு நிறைந்த கடல்நீரோ எல்லாவற்றையும் விஞ்சி, ஏறத்தாழ இழப்பேயின்றி அலையைச் சுமந்து செல்கிறது. அலைநீளம் கூடக்கூட இந்த உறிஞ்சல் குறைவதால்தான் நெட்டலை ஒலிபரப்பிகள் நாடு முழுவதையும் எட்டுகின்றன.

வட்டாரத் திட்டத்தின் கீழ் 1933இல் தொடங்கப்பட்ட வாஷ்ஃபோர்டு நிலையம் இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டது. தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் கரையோரத்தில் நின்றுகொண்டு, பிரிஸ்டல் கால்வாய் எனப்படும் கடல் நுழைவின் குறுக்கே தென் வேல்ஸ் நகரங்களுக்கும் அது நிகழ்ச்சியை வழங்கியது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இதே நியதி செயற்படுவதைத் தமிழ் நேயர்கள் நன்கறிவர்: தூத்துக்குடியிலிருந்து அகில இந்திய வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பு இலங்கையிலும், இலங்கையின் புத்தளத்திலிருந்து புறப்படும் மத்திய அலை தென்னிந்தியக் கரையிலும் தெளிவாகக் கேட்பதற்குக் கடல்நீர் தரும் வழியே முதற்காரணம். ஆதலால் கரையோரத்து ஒலிபரப்பியொன்றை உள்நாட்டுக்குச் சில கிலோமீட்டர் நகர்த்தினாலும், வரைபடத்தில் தொலைவு அதிகம் மாறாத அக்கரை நேயர் கணிசமாக இழக்கக்கூடும்.

கதிரவன் மறைந்ததும் கணக்கு மீண்டும் மாறுகிறது. வளிமண்டலத்தின் மேலே உள்ள அயனி மண்டலம் பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. இரவில் அந்த உறிஞ்சல் நின்றுவிடுவதால், மேல்நோக்கிச் சென்ற அலைகள் அங்கிருந்து திரும்பிப் பூமிக்கு வருகின்றன. இவை வான் அலைகள் எனப்படும். தரை அலையும் வான் அலையும் ஏறத்தாழ ஒரே வலிமையில் வந்து சந்திக்கும் வளையத்தில், இரண்டும் ஒருகணம் சேர்ந்து வலுப்பதும் மறுகணம் எதிர்த்து அழிவதுமாக இருப்பதால், ஒலி ஏறி இறங்கி, சிலவேளை உருத்தெரியாமல் சிதைகிறது. தரையின் தன்மையையும் அலைநீளத்தையும் பொறுத்து மாறும் இந்த மங்கல் வளையம் பெரும்பாலும் 100 கிலோமீட்டரை ஒட்டிய தொலைவுகளில் அமைகிறது. ஒலிபரப்பி 50 கிலோமீட்டர் நகர்ந்தால் வளையமும் அதனோடு நகர்கிறது. பகலில் எந்தக் குறையும் காணாத ஓர் ஊர், இரவுச் செய்தி வேளையில் மட்டும் தன் வானொலி ஏன் தடுமாறுகிறது என்று வியக்க நேரிடுகிறது. கம்பத்தின் உயரத்தை அரை அலைநீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அமைத்து, மேல்நோக்கிச் செல்லும் அலையைக் குறைத்து, இவ்வளையத்தை வெளியே தள்ளும் உத்தியைப் பொறியாளர்கள் கையாள்கின்றனர்.

நெட்டலையிலும் இடமாற்றம் எளிதன்று என்பதைப் போலந்து நாட்டு வரலாறு காட்டுகிறது. வார்சாவுக்கு மேற்கே கான்ஸ்டான்டினோவ் என்ற சிற்றூரில் 1974 முதல் நின்ற 646 மீட்டர் உயரக் கம்பம், அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த கட்டமைப்பாக விளங்கியது; அதன் தாங்குகயிறுகளை மாற்றும் பணியின்போது 1991 ஆகஸ்டு 8 அன்று சரிந்து விழுந்தது. அதே இடத்தில் மீண்டும் கட்டுவதை அவ்வூர் மக்கள் உடல்நல அச்சத்தால் எதிர்த்தனர். தலைநகரை ஒட்டிய ராஷின் என்ற பழைய நிலையத்திலிருந்து குறைந்த திறனில் ஒலிபரப்பு ஒப்பேற்றப்பட்டு, 1999இல்தான் கான்ஸ்டான்டினோவிலிருந்து 120 கிலோமீட்டருக்கும் மேல் வடமேற்கே உள்ள சோலெட்ஸ் குயாவ்ஸ்கியில் புதிய ஒலிபரப்பி தொடங்கியது. முன்பு 2000 கிலோவாட்டாக இருந்த திறன் இப்போது 1000 கிலோவாட்டாயிற்று. அயல்நாடுகளில் வாழ்ந்த போலந்து மக்களுக்கு நடுவில் கழிந்த எட்டு ஆண்டுகள் நீண்ட இடைவெளி. தென்கிழக்குப் போலந்துக்கோ அலைமூலம் நிலையாகவே எட்டச் சென்றுவிட்டது.

பண்பலையில் உயரமே முதல்

பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிக உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்துவதால், அவ்வலைகள் தரையை ஒட்டி வளைந்து செல்வதுமில்லை. அயனி மண்டலத்திலிருந்து திரும்பி வருவதும் அரிது. ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் அவற்றுக்குத் தொடுவானமே எல்லை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால், சமவெளியில் அந்த எல்லை எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பது தோராயமாகக் கிடைக்கும். 100 மீட்டர் உயரத்துக்கு அது 41 கிலோமீட்டர்; 400 மீட்டருக்கு 82 கிலோமீட்டர்; 2,000 மீட்டருக்கு 180 கிலோமீட்டருக்கும் மேல். கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் உயரமான மலையில் நிற்கும் கோடைக்கானல் பண்பலை, 10 கிலோவாட் திறனிலேயே மதுரை, திண்டுக்கல், தேனி முதலிய சமவெளி மாவட்டங்களைக் கடந்தும் கேட்பதன் காரணம் இதுவே. அதே திறனைச் சமவெளியில் ஒரு சாதாரண கோபுரத்தில் வைத்திருந்தால், அண்டை மாவட்டத்தை எட்டுவதே பெரிதாகியிருக்கும்.

உயரம் தரும் இந்த வலிமையே மலைநிழல் என்ற குறையையும் உடன் கொண்டுவருகிறது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே குன்றோ உயர்ந்த கட்டடமோ குறுக்கிட்டால், அதன் பின்னே அலை மெலிந்துவிடுகிறது. கோபுரம் நகரும்போது நிழல்களின் திசையும் நகர்வதால், தொலைவும் திறனும் மாறாவிட்டாலும்கூட, இதுவரை வெளிச்சத்தில் இருந்த பள்ளத்தாக்கு நிழலுக்குள் போகவும், நிழலில் கிடந்த சரிவு வெளிச்சத்துக்கு வரவும் கூடும். 1955 மே 2 அன்று பிபிசி தன் முதல் முறையான பண்பலைச் சேவையை, லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்துக் குன்றுத்தொடரில் உள்ள ராத்தமிலிருந்து தொடங்கியது. தென்கிழக்கு இங்கிலாந்து முழுவதையும் நோக்கிய அந்த உயரமான இடம் பல மாவட்டங்களுக்கு ஒருங்கே பயன்பட்டாலும், லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே தரத்தில் அலையைத் தர இயலவில்லை. பிற்காலத்தில் நகரின் தெற்கே உள்ள கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்திலிருந்து குறைந்த திறன் கொண்ட துணை ஒலிபரப்பிகள் சேர்க்கப்பட்டன.

ராத்தமின் தொடக்கக் கால அலைகள் கிடைமட்டமாக அதிர்பவையாக அமைக்கப்பட்டிருந்தன. கூரைமேல் படுக்கைவாட்டில் பொருத்தப்படும் ஆன்டெனாவுக்கு அதுவே ஏற்றது. செங்குத்தான கம்பி கொண்ட கார் வானொலிகளும் கையடக்கப் பெட்டிகளும் பெருகியபின், செங்குத்தாக அதிரும் கூறும் ஒலிபரப்பில் சேர்க்கப்பட்டது. இடம் மாறும் நிலையம் பெரும்பாலும் ஆன்டெனாவையும் புதிதாக அமைப்பதால், தொலைவு, உயரம் ஆகியவற்றோடு அலை அதிரும் தளமும் மாறியிருக்கக்கூடும் என்பதை நேயர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அண்மைக் காலத்தில் இத்தகைய இடமாற்றத்துக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு தோக்கியோ. 1958இல் எழுந்த 333 மீட்டர் தோக்கியோ கோபுரத்தைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் வளர்ந்துவிட்டதால், நகரின் வடகிழக்கே சுமிதா பகுதியில் 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கட்டப்பட்டது. 2012 ஏப்ரலில் என்எச்கே பண்பலையும் ஜே-வேவ் நிலையமும் தங்கள் ஒலிபரப்பை அங்கு மாற்றிக்கொண்டன. உயரம் பெருகியதால், 10 கிலோவாட்டாக இருந்த ஒலிபரப்பித் திறனை 7 கிலோவாட்டாகக் குறைத்துக்கொண்டும் அவற்றால் பரந்த பரப்பை எட்ட முடிந்தது. தோக்கியோ எஃப்எம் நிலையமோ பழைய கோபுரத்திலேயே தங்கிவிட்டது. இரண்டு கோபுரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவு உண்டு. 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு இரண்டும் ஒரே திசையில் தோன்றும், நகருக்குள் இருப்பவருக்கோ ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக அமையக்கூடும். திசைநோக்கிய ஆன்டெனாவைப் பொருத்தியிருந்தவர், எந்த நிலையத்துக்கு முன்னுரிமை என்று முடிவுசெய்யும் நிலை உருவாயிற்று.

மிகுதியும் தொல்லையே

அலை வலுவற்றிருப்பது மட்டுமே குறை என்று எண்ணுவது பிழை. ஸ்கைட்ரீக்குத் தொலைக்காட்சி ஒலிபரப்பும் 2013 மே 31 அன்று மாறுவதற்கு முன்பாகவே, ஒலிபரப்பு நிறுவனங்கள் சிறுசிறு நேரங்களுக்குப் புதிய கோபுரத்திலிருந்து சோதனை ஒலிபரப்பு நடத்தி, எந்தெந்த வீடுகளில் கோளாறு நேர்கிறது என்று கண்டறிந்தன. பழைய கோபுரத்தின் மெலிந்த அலையைப் பெருக்குவதற்காகப் பொருத்தியிருந்த பூஸ்டர் கருவிகள், அருகில் எழுந்த புதிய கோபுரத்தின் வலுவான அலையைத் தாங்காமல் தடுமாறுவது எதிர்பார்க்கப்பட்ட கோளாறுகளில் ஒன்று. பெட்டியின் முதற்கட்டச் சுற்று தன் எல்லையை மீறிய அலையைப் பெறும்போது, இல்லாத இடங்களிலெல்லாம் நிலையம் கேட்பதாகத் தோன்றுவதும், அண்டை நிலையங்கள் அமுங்கிப்போவதும் வானொலியிலும் நிகழ்கின்றன. பூஸ்டரை நீக்குவதும், ஆன்டெனாக் கம்பியைச் சுருக்குவதும் இதற்கு எளிய தீர்வுகள்.

பண்பலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், மலையிலோ கட்டடத்திலோ மோதித் திரும்பிய அலையும் சற்றுக் காலம் தாழ்ந்து ஒன்றுசேரும்போது, குறிப்பாக சகர ஒலிகளில் சிதறல் கேட்கிறது. புதிய கோபுரத்தின் அலை வலுவாகவே வந்தாலும் அது வரும் திசையில் இத்தகைய எதிரொளிப்பு மிகுந்தால், அளவுமானி உயர்வைக் காட்டும்போதே நேயரின் காது தாழ்வை உணரும்.

இவற்றுள் சில குறைகளை நேயர் செலவின்றியே தீர்த்துக்கொள்ளலாம். மத்திய அலை கேட்கும் சிறு பெட்டிகளின் உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு, ஒலிபரப்பியை நோக்கித் தன் பக்கவாட்டைக் காட்டும்போது மிக நன்றாகவும், தன் முனையைக் காட்டும்போது மிகக் குறைவாகவும் அலையை ஏற்கிறது. அலமாரியில் பல ஆண்டுகளாக ஒரே நிலையில் வைக்கப்பட்ட பெட்டி, கோபுரம் திசை மாறியதும் கரகரக்கத் தொடங்கினால், அதைக் கால்வட்டம் திருப்பி வைப்பதே மருந்தாகலாம். பண்பலைப் பெட்டியைப் புதிய கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலுக்கு அருகே நகர்த்துவதும், கூரை ஆன்டெனாவைத் திருப்புவதும் அவ்வாறே பயன்தரும். படிக வானொலிக் காலத்து நேயருக்கு இல்லாத இவ்வசதி இன்றைய நேயருக்கு உண்டு. இருப்பினும், நிலையம் புதிய இடத்தின் பெயரையும் திசையையும் முன்கூட்டியே அறிவித்தால் மட்டுமே அவர் அதனைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

இடமாற்றத்தை எடைபோடும் முறை

நிலையங்கள் இவ்வளவு சிக்கல்களையும் மீறி இடம் மாறுவதற்கு நிலத்தின் விலை ஒரு பெரிய காரணம். மத்திய அலைக் கம்பம் தன் அடியில் புதைக்கப்பட்ட செப்புக்கம்பிகளின் வலை இன்றித் திறம்பட இயங்காது. ஒவ்வொன்றும் கால் அலைநீளம் நீண்ட 120 கம்பிகளைக் கம்பத்தைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் பரப்புவது நெடுநாளைய வழக்கம். 1,000 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குக் கால் அலைநீளம் 75 மீட்டர் என்பதால், ஒற்றைக் கம்பத்துக்கே பல ஏக்கர் நிலம் தேவைப்படுகிறது. நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறும்போது அந்த வெட்டவெளியை விற்றுவிட்டுத் தொலைவில் குடியேறும் எண்ணம் நிலையத்தாருக்குத் தோன்றுவது இயல்பு. நியூயார்க் நகரின் மத்திய அலை நிலையங்கள் பல, ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியின் சதுப்பு நிலங்களில் கம்பங்களை நட்டிருப்பது, விலை மலிவையும் ஈர மண்ணின் மின்கடத்துதிறனையும் ஒருங்கே பெறும் ஏற்பாடாகும்.

ஆகவே இடமாற்றம் தவறென்று சொல்வதற்கில்லை. டேவன்ட்ரிக்குச் சென்றதாலேயே நாட்டுப்புற இங்கிலாந்து வானொலி கேட்டது, ஸ்கைட்ரீயின் உயரமே பெருநகரின் கட்டட நிழல்களைக் குறைத்தது. எடைபோடும் அளவுகோலையே மாற்ற வேண்டியுள்ளது. புதிய வீச்சுவட்டம் எத்தனை சதுர கிலோமீட்டர் என்பதை மட்டும் கூறும் வரைபடம், உள்ளே நிகழும் இழப்பைக் காட்டுவதில்லை. பழைய கோபுரத்தைச் சுற்றிப் புலவலிமை எங்கெங்கே குறைகிறது, அவ்விடங்களில் வாழ்வோர் எத்தனை பேர், அங்குள்ள இரைச்சல் எவ்வளவு, அவர்கள் கையில் இருப்பது கூரை ஆன்டெனாவா கையடக்கப் பெட்டியா, பகலில் கிடைக்கும் தெளிவு இரவிலும் நீடிக்கிறதா என்ற வினாக்களுக்கும் விடைதரும் வரைபடமே முழுமையானது.

அத்தகைய வரைபடத்தைக் கொண்டு பார்த்தால், தீர்வும் பெரும்பாலும் அதற்குள்ளேயே தென்படும். முதன்மை ஒலிபரப்பி புறநகருக்குப் போனபின், இழப்பு விழும் சிறு வட்டத்துக்கென ஒரு துணை ஒலிபரப்பியை நகருக்குள் நிறுத்துவதற்கு ஆகும் செலவு, அந்த வட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் புதிய கருவி வாங்குவதற்கு ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பொதுவாகச் சிறியதே. அந்தச் செலவை நிலையம் ஏற்கும்போது இடமாற்றம் எல்லோருக்கும் வளர்ச்சியாகிறது. அதனை நேயரின் தலையில் விட்டுவிடும்போது, தொலைவில் புதிதாகச் சேர்ந்த நேயர்களுக்கான விலையைப் பழைய நேயர்களே கொடுக்கிறார்கள்.